நட்டு மேல் ஒரு சிவப்புக் கோடு

"கையில கழுத்துல இருக்கறதையெல்லாம் கழட்டி இந்த டப்பாவுல போடுங்க சார்."

கடிகாரத்தைக் கழற்றினேன். சொன்னவர் டவர்களில் வேலை செய்பவர், எல்லோருக்கும் அண்ணன். அவர் கண் என் விரலை விட்டு நகரவில்லை. மோதிரத்தையும் கழற்ற வேண்டியதாயிற்று. பத்து வருடமாக விரலோடு ஊறிப்போனது. தண்ணீர் விட்டுத் திருகித்தான் வந்தது. அவரும் தன் வலக்கைச் செப்புக் காப்பைக் கழற்றினார். அவரோடு வேலை பழகும் தம்பி இடுப்பைத் தடவிக் காட்டி, தன் வெள்ளி அரைஞாண் போன வருடமே அடகுக் கடைக்குப் போய்விட்டது என்று சிரித்தான். பிஸ்கட் டப்பா மூடப்பட்டது.

இரவு பதினொன்றரை மணி. புவனகிரியிலிருந்து பி.முட்லூர் போகிற சாலையை விட்டு வயல் பக்கம் இறங்கினால் வருகிற ஒரு செல்போன் டவரின் அடிவாரம். சிதம்பரத்தில் இவர்களோடு வேனில் ஏறி, கீரப்பாளையம் தாண்டி, வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்து வந்திருந்தேன். வெளியூர்க்காரர்களுக்குப் புவனகிரி என்றால் ராகவேந்திரர் அவதரித்த ஊர். பக்கத்து மருதூர் வள்ளலார் பிறந்த ஊர். இருவரையும் இன்னொரு பகலுக்கு ஒத்திவைத்துவிட்டு, நான் பார்க்க வந்தது ஒரு தகரப் பெட்டியை.

பத்தொன்பது அங்குல அகலம், ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம். முன்முகத்தில் வரிசையாகப் பன்னிரண்டு பிரேக்கர்கள். டவரின் எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் இந்தப் பெட்டி வழியாகத்தான் பிரிந்து போகிறது. ரேக்கில் பொருத்தும் இதை இவர்கள் 'பேனல்' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிறார்கள். பழைய பேனலை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். அதற்கு நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்து வரை நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்துக்குள் செய்யும் வேலைக்கு 'ஆக்டிவிட்டி' என்று பெயர். "இன்னைக்கு நைட் ஒரு ஆக்டிவிட்டி இருக்கு" என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தால், கல்யாண வீட்டுக்கும் போக முடியாது, காய்ச்சலும் வரக்கூடாது என்று அர்த்தம்.

மோதிரம் எதற்குக் கழற்றினோம் என்பதைத் தம்பிதான் விளக்கினான். இங்கே ஓடுவது 48 வோல்ட் டிசி. காய்ந்த கையால் தொட்டால் சாதாரணமாக ஷாக் தெரியாது. அதனாலேயே அலட்சியம் வரும். ஆனால் அதன் பின்னால் உட்கார்ந்திருப்பது இரண்டு வோல்ட் செல்கள் இருபத்து நான்கு கோத்த பேட்டரி பேங்க். இரண்டு முனையையும் ஓர் உலோகம் தொட்டுவிட்டால் ஒரு கணத்தில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனராக இருந்தால் அங்கேயே ஒட்டிக்கொண்டு உருகும். மோதிரமாக இருந்தால் விரலோடு. இவர்கள் ஸ்பேனர்களின் கைப்பிடி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்ததன் காரணம் அப்போது புரிந்தது. வாய்ப்பகுதி மட்டும்தான் வெறும் இரும்பு.

ரேக்கில் கேஜ் நட் மாட்டுவது பார்க்கச் சுலபமான வேலை. சதுரத் துளைக்குள் ஒரு சின்னக் கூண்டு நட்டை அழுத்திவிட வேண்டும். ஆனால் அந்தத் துளைகள் சம இடைவெளியில் இல்லை. மூன்று மூன்றாகக் கூட்டம் போட்டிருக்கின்றன. ஒரு கூட்டத்துக்குள் துளைக்குத் துளை 15.9 மில்லிமீட்டர், அடுத்த கூட்டத்துக்குத் தாவும் இடத்தில் 12.7. மூன்றும் சேர்ந்தது ஒரு 'யூ', 44.45 மில்லிமீட்டர். இந்தக் கணக்குத் தெரியாமல் ஒரு துளை தள்ளி மாட்டினால், நட்டெல்லாம் மாட்டி முடித்த பிறகுதான் பெட்டி உட்காராது என்று தெரியும். தம்பி முதல் வாரத்தில் அப்படி மாட்டினானாம். அண்ணன் திட்டவில்லை. எட்டு நட்டையும் கழற்றச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நகத்துக்கும் கேஜ் நட்டுக்கும் உள்ள பகையைத் தம்பி அன்று கற்றுக்கொண்டான்.

பெட்டி ஏறியதும் முதலில் கொடுத்த இணைப்பு எர்த். கரண்ட் வருவதற்கு வெகு முன்பே அது போய்விட வேண்டும். ரேக்கின் பெயின்டைக் கொஞ்சம் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கினார்கள். பெயின்ட் மேல் முறுக்கினால் கண்ணுக்குத்தான் எர்த். மீட்டருக்கு இல்லை.

இங்கே எர்த்தில் இருப்பது பாசிட்டிவ் என்பது எனக்குப் புதிது. மீட்டர் முள்ளை வைத்தபோது மைனஸ் 54 காட்டியது. பேட்டரியை நிரப்பியபடியே வைத்திருக்க ஒரு செல்லுக்கு 2.25 வோல்ட் வேண்டும். இருபத்து நான்கால் பெருக்கினால் 54. அந்த மைனஸ் எதற்கு? டெலிபோன் கம்பிகள் மண்ணுக்குள் ஓடிய காலத்துப் புத்தி அது. ஈர மண்ணில் கிடக்கும் செம்புக் கம்பி மண்ணை விட பாசிட்டிவாக இருந்தால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணுக்குப் போய்விடும். நெகட்டிவாக வைத்தால் பிழைத்துக்கொள்ளும். எக்ஸ்சேஞ்சுகள் போட்ட அந்தப் பாதையிலேயே செல்போன் டவர்களும் நடக்கின்றன. வயலில் நிற்கும் இந்த டவரிலிருந்து மண்ணுக்குள் போகும் டெலிபோன் செம்புக் கம்பி ஒன்றுகூட இல்லை. மைனஸ் மட்டும் மிச்சம்.

பழைய பேனலின் மூடியைத் திறந்ததும் மணம் வந்தது. கருகிய பிளாஸ்டிக்கின் இனிப்புக் கலந்த நெடி. அண்ணன் டார்ச்சை மூன்றாவது பிரேக்கரின் பின்பக்கம் அடித்தார். கேபிள் முனையில் போட்டிருந்த சிவப்பு ஸ்லீவ் பழுப்பாகச் சுருங்கியிருந்தது.

"பாத்தீங்களா, இதான் கதை."

கதையைப் பிரேக்கரின் முகத்திலிருந்தே படிக்க முடிந்தது. மற்ற பிரேக்கர்கள் 32 ஆம்பியர். இது மட்டும் 63. வேறு நிறம், வேறு கம்பெனி. பின்னால் வரும் வயரோ அதே பழைய ஆறு ஸ்கொயர் எம்எம். யாரோ ஒருவர் எப்போதோ வந்திருக்கிறார். பிரேக்கர் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று புகார் போயிருக்கும். வந்தவர் பெரிய பிரேக்கராகப் போட்டுவிட்டுப் புகாரை முடித்திருக்கிறார். அதற்குப் பிறகு டிரிப் ஆகவில்லை. எரிய ஆரம்பித்தது.

இதைக் கேட்டபோது என் அப்பா நினைவுக்கு வந்தார். எங்கள் வீட்டில் பீஸ் கட்டை இருந்த காலம். மழை நாளில் பீஸ் போகும். அப்பா நாற்காலி மேல் ஏறி, வயரிலிருந்து உருவிய செம்பு இழை ஒன்றைக் கட்டுவார். அதுவும் போனால் மூன்று இழையை முறுக்கிக் கட்டுவார். "இனிமே போவாது" என்று இறங்குவார். போகவில்லைதான். ஒரு நாள் மாடிப்படிக்கு அடியில் சுவருக்குள் ஓடிய வயர் கருகி, சுண்ணாம்பு உதிர்ந்தது. பிரேக்கர் காப்பாற்றுவது கருவியை என்றே பலரும் நினைக்கிறோம். அதன் முதல் வேலை வயரைக் காப்பாற்றுவது. வயர் தாங்குகிற அளவுக்குத்தான் பிரேக்கர் இருக்க வேண்டும். டிரிப் ஆகிறது என்றால் அது ஒரு சேதி. சேதி கொண்டுவந்தவனை மாற்றிவிட்டுச் சும்மா இருப்பதில் நம்மவர்களுக்கு என்ன ஒரு நிம்மதி!

அந்த மூன்றாவது பிரேக்கர் சொன்ன சேதி என்ன? அண்ணன் ஸ்பேனரை வைத்தார். பலம் கொடுக்கவே இல்லை. நட்டு கால் சுற்று சும்மா திரும்பியது. லூஸ். அவ்வளவுதான்.

பிரேக்கருக்குள் இரண்டு காவல்காரர்கள் உண்டு. திடீரென்று ஷார்ட் ஆனால் இழுத்து விடுவதற்கு ஒரு காந்தச் சுருள். லோடு அளவுக்கு மீறி நீடித்தால், சூடேறி வளைந்து தட்டிவிடுவதற்கு இரட்டை உலோகத் தகடு ஒன்று. அந்தத் தகட்டுக்குச் சூடு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. லோடு கூடினாலும் சூடு. பக்கத்தில் நட்டு லூசாகி, அங்கே சூடேறி, அது தாமிரத்தின் வழியே உள்ளே கசிந்தாலும் சூடு. எனவே 32 ஆம்பியர் பிரேக்கர் 20 ஆம்பியரிலேயே விழுந்திருக்கிறது. தன் கணக்கில் அது செய்தது சரி.

லூசான நட்டு எவ்வளவு சுடும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 48 வோல்ட்டின் தொல்லையே ஆம்பியர்தான். மூன்று கிலோவாட் லோடை வீட்டு 230 வோல்ட்டில் எடுத்தால் 13 ஆம்பியர். இங்கே 60 ஆம்பியருக்கு மேல். மெயின் கேபிள் சேரும் இடத்தில் பத்து மில்லி ஓம் தடை இருந்தால் போதும். மீட்டர்க்காரர்கள் தூசு என்று ஒதுக்குகிற அளவு அது. 60-ஐ 60-ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 36 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் அளவு. அதை இரவும் பகலும் அணைக்காமல் ஒரு நட்டுக்கு அடியில் சொருகி வைத்தது போல.

இந்தத் தடை எப்படி வருகிறது? முறுக்காததால் மட்டும் அல்ல. கிழக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் கடல். பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்து டவர்களில் உப்புக் காற்று செம்பைத் தின்னும் என்றார் அண்ணன். பச்சை பூத்துவிடும். கேபிள் முனையில் வெள்ளீயம் பூசிய லக் போடுவது அதற்காக. "களிம்பு ஏறிட்டா வெளிய தேச்சுப் பிரயோஜனம் இல்ல சார். கழட்டி, உள்ள தேய்க்கணும்." சிதம்பரத்தில் கொற்றவன்குடித் தோப்பில் இருந்த சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவத்தின் மரபில், உயிரைப் பற்றியிருக்கும் ஆணவ மலத்துக்குச் செம்பில் ஏறிய களிம்பைத்தான் உவமையாகச் சொல்வார்கள். உடன்பிறந்தது, வெளியிலிருந்து வந்ததன்று என்பது அவர்கள் வாதம். பேனல் வேலை செய்பவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இவர்களுக்கு அது கிழக்கிலிருந்து வருகிறது.

பன்னிரண்டு ஆனதும் அண்ணன் போனில் யாரிடமோ அனுமதி வாங்கினார். ஒரு திசையைப் பார்க்கும் கருவியை நிறுத்தி, அதன் கேபிளைப் புதிய பேனலுக்கு மாற்றி, மறுபடி உயிர் கொடுத்துவிட்டு அடுத்தது. அந்தச் சில நிமிடங்களுக்குப் பக்கத்து டவர்கள் சமாளித்துக்கொள்ளும். ஊர்ப் போன்களையெல்லாம் வெளியுலகத்தோடு இணைக்கும் கருவிக்கு மட்டும் இரண்டு வழியாக மின்சாரம் வருகிறது. ஒரு கையை விட்டு மறு கையைப் பிடிப்பது போல மாற்றினார்கள். அது அணையவே இல்லை.

மற்ற நேரமெல்லாம் இருவரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். லக் அடிக்கும்போது மட்டும் பேச்சு நின்றது. கேபிளின் தோலைச் சீவும்போது ஓர் இழைகூட வெட்டுப்படக்கூடாது. இழைகளை விரலால் முறுக்கி லக்குக்குள் நுழைக்கும்போது ஒன்றுகூட வெளியே நிற்கக்கூடாது. கேபிளின் அளவுக்கேற்ற அச்சை கிரிம்பிங் டூலில் மாட்டி, கடைசிவரை அழுத்தி, பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். தம்பி இழுத்துப் பார்த்தான். அண்ணன் வாங்கி, ஒரு காலை ரேக்கில் ஊன்றிக்கொண்டு இழுத்துப் பார்த்தார். ஒரு லக்கை வெட்டிக் குப்பையில் போடச் சொன்னார். அதில் என்ன குறை என்று எனக்குத் தெரியவில்லை. தம்பிக்குத் தெரிந்திருந்தது. கேட்காமல் வெட்டினான்.

ஒன்றரை மணிக்கு ஒரு தடை. பெட்டியில் வந்திருந்த உதிரி பிரேக்கர்களில் ஒன்று ஏசிக்கானது. ஆம்பியர் சரி, அளவு சரி, அழகாக உட்காரும். அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தனியே வைத்தார். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிரேக்கர் திறக்கும்போது இரண்டு முனைகளுக்கும் நடுவே தீப்பொறி பாலம் போடும். நம் வீட்டுக்கு வரும் ஏசி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. பொறி அந்தக் கணத்தில் தானே செத்துவிடும். டிசிக்கு அப்படி மூச்சு வாங்கும் இடம் கிடையாது. இழுத்தால் நீண்டுகொண்டே வரும். அதைத் துரத்தித் தகடுகளுக்குள் தள்ளி, துண்டு துண்டாக்கிக் குளிர வைக்க வேண்டும். அப்படித் துரத்தக் காந்தம் வைத்த பிரேக்கர்களில் எந்தப் பக்கம் மைனஸ், எந்தப் பக்கம் லோடு என்று குறி இருக்கும். மாற்றிக் கொடுத்தால் காந்தம் பொறியை எதிர்த்திசையில், பிரேக்கரின் வயிற்றுக்குள்ளேயே தள்ளும். வேடிக்கை என்னவென்றால், தவறான பிரேக்கரும் தினமும் ஒழுங்காக வேலை செய்யும். விளக்கு எரியும், சிக்னல் வரும். அது உண்மையிலேயே திறக்க வேண்டிய அந்த ஒரு நாளில்தான் குட்டு உடையும்.

வீட்டுச் சுவரில் இருக்கும் எம்சிபி என்கிற பிரேக்கரின் மூதாதை 1924-ல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில், ஹூகோ ஸ்டாட்ஸின் தொழிற்சாலையில் காப்புரிமை பெற்றது. காந்தச் சுருளும் இரட்டைத் தகடும் அன்றே அதற்குள் ஒன்றாகக் குடியேறிவிட்டன. நூறு வருடம் கழித்தும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே குடித்தனம்தான்.

இரண்டு மணிக்குச் சுற்றிலும் இருட்டியது. ஊரில் கரண்ட் போய்விட்டது. டவரில் எதுவும் மாறவில்லை, பேட்டரி எடுத்துக்கொண்டது. நிலத்துக்காரர் வீட்டிலிருந்து ஆயா டார்ச்சோடு வந்துவிட்டார். டவருக்கு நிலத்தை வாடகைக்கு விட்டது அவர் மகன்.

"ஏண்டா ராசா, நீங்க எதையாவது புடுங்கி வுட்டீங்களா?"

"இல்ல ஆயா, இது ஈபி. நாங்க ஒண்ணும் பண்ணல."

ஆயா நம்பவில்லை. மேற்கே நெய்வேலியில் ராத்திரி முழுக்க வெளிச்சம் தெரியுமாம். இங்கே மட்டும் ஏன் போகிறது என்பது அவர் கேள்வி. 1962-லிருந்து அங்கே பழுப்பு நிலக்கரி எரிந்து மின்சாரமாகிறது. இந்தத் தாலுக்காவின் சேத்தியாத்தோப்புப் பக்கம் மேல்வளையமாதேவியில் 2023 ஜூலையில் நெற்பயிர் நின்ற வயலுக்குள், சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் வாய்க்கால் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதை ஆயா டிவியில் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி அண்ணனிடம் கேட்டு என்ன பயன்? ஆனாலும் கேட்டார். கையில் ஸ்பேனர் இருப்பவர்தான் அவருக்குக் கிடைத்த மின்சாரத்தின் ஒரே பிரதிநிதி.

அண்ணன் பதில் சொல்லாமல் 'தானே' புயல் கதைக்குப் போய்விட்டார். 2011 டிசம்பர் 30 அதிகாலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய புயல். காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு படுத்தன. மின்கம்பங்கள் ஊர் ஊராக விழுந்தன. அப்போது தம்பியின் இடத்தில் இவர் இருந்திருக்கிறார். "கரண்ட் வர்றதுக்கு எத்தனையோ நாள் ஆச்சு சார். டீசலைத் தோள்ல தூக்கிட்டுப் போயி ஜெனரேட்டருக்கு ஊத்துனோம். போன் சார்ஜ் போட ஜனங்க வயரைத் தூக்கிட்டு டவருக்கு வந்துட்டாங்க." போட விட்டீர்களா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். ஆயாதான் சொன்னார், "போட்டோமே!"

மூன்றரைக்கு எல்லாக் கேபிளும் ஏறிவிட்டன. ஒரு கருவிக்கு உயிர் கொடுத்த கணமே அதன் பிரேக்கர் டக் என்று விழுந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. அண்ணன் அசரவில்லை. கருவிக்குள் காலியாகக் கிடக்கும் கெபாசிட்டர்கள் பசியோடு ஒரே மடக்கில் இழுக்கும். பிரேக்கர் அதை ஷார்ட் என்று எண்ணிவிடும். ஆனால் அதுதான் என்று உடனே முடிவு கட்டவும் இல்லை. மீட்டரை எடுத்து வயரை இரு முனையிலும் சோதித்தார். லக்கைப் பார்த்தார். பிறகு ஒரு ரெசிஸ்டர் வழியே கெபாசிட்டர்களைச் சில நொடிகள் நிரப்பிவிட்டுப் பிரேக்கரைத் தூக்கினார். நின்றது. அந்தச் சோதனைக்கு ஆன ஏழு நிமிடம்தான் மூன்றாவது பிரேக்கரை 63 ஆக்கியவரிடம் இல்லாமல் போனது. இருக்கவும் வாய்ப்பில்லை. அண்ணனின் அடையாள அட்டையில் ஒரு கம்பெனி, சம்பளம் தருவது இன்னொருவர், டவர் மூன்றாமவருடையது, கருவி நான்காமவருடையது. ஒரு ராத்திரிக்கு இத்தனை சைட் என்று கணக்கு. எந்தக் கணக்கிலும் 'நின்று யோசித்த நேரம்' என்று ஒரு கட்டம் கிடையாது.

கடைசியில் டார்க் ரெஞ்ச். குறித்த அளவு முறுக்கு விழுந்ததும் டிக் என்று ஒரு சத்தம். அதற்கு மேல் போனாலும் தப்பு. புரி தேய்ந்து நட்டு செத்துவிடும். ஒவ்வொரு டிக்குக்கும் பின்னால் தம்பி சிவப்பு மார்க்கரால் நட்டிலிருந்து பஸ்பார் என்ற செம்புப் பட்டை வரை ஒரு நேர்கோடு போட்டான். நட்டு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிவிடும். அடுத்து வருபவர் ஸ்பேனரே எடுக்க வேண்டாம், டார்ச் போதும். பழைய பேனலை நானும் எடுத்துப் பார்த்தேன். மங்கிப்போன கோடுகள் அதிலும் இருந்தன. மூன்றாவது நட்டில் மட்டும் கோடு இல்லை. பிரேக்கரை மாற்றியவர் முறுக்கியிருப்பார், கோடு போடவில்லை.

பராமரிப்பு பற்றிக் கேட்டேன். சாயங்காலம் எட்டு மணிக்கு மேல், ஊரே போனில் இருக்கும்போது வந்து சூடு பார்க்க வேண்டும். விடியற்காலையில் பார்த்தால் எல்லாம் குளிர்ந்துதான் இருக்கும். டெம்பரேச்சர் கன்னைப் பளபளக்கும் செம்பின் மேல் நேரே அடித்தால் பொய் சொல்லும். ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டி அதன் மேல் அடிக்க வேண்டும். ஒரே லோடு போகும் பிரேக்கர்களின் இரு முனைக்கும் நடுவே மில்லிவோல்ட் பார்த்து, அண்டை வீட்டோடு ஒப்பிட வேண்டும். எறும்பும் பல்லியும் கேபிள் நுழையும் ஓட்டை வழியே வரும், அடைக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது பிரேக்கரை இறக்கி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இறுகிவிடும். "அத மட்டும் செய்யறதில்ல சார்" என்றார். சர்வீஸ் நிற்குமே, யார் அனுமதி தருவார்கள்?

நாலே முக்காலுக்கு டப்பா திறந்தது. மோதிரம் விரலுக்குள் போக மறுத்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வேலை முடிந்ததற்கு அத்தாட்சியாகப் போட்டோக்கள் அனுப்ப வேண்டும்: எர்த், லேபிள், ஒவ்வொரு நட்டும், ஒவ்வொரு கோடும். ஐந்து மணிக்குள் போனால்தான் ராத்திரிக் கணக்கில் சேரும். தம்பியின் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆன்டெனாக்கள் தூரத்தைப் பார்த்து நிற்கின்றன. நேர் அடியில் நிற்பவனுக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைக்காது. ஆயா வாசல் தெளிக்க ஆரம்பித்திருந்தார். தம்பி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, போனைத் தலைக்கு மேல் தூக்கியபடி, வரப்பு வழியே சேற்றில் வழுக்கி வழுக்கிச் சிக்னலைத் தேடிப் போய்க்கொண்டிருந்தான்.